வெளிநடப்பு செய்தவர்

இரண்டு பேராக வந்திருக்கிறோம், ஒருவரைத்தான் உள்ளே விடுவார்களாம். மேசைக்குப் பின்னால் இருக்கும் பெண் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். முதல் தடவை தனியாகப் பேசுவதுதான் இங்கே வழக்கம், கூட வந்தவர் இங்கேயே உட்கார்ந்திருக்கலாம், தண்ணீர் இருக்கிறது, பேப்பர் இருக்கிறது. யாருடைய வழக்கம் என்ற கேள்வி வாய் வரை வந்தது. எங்கள் வழக்கம் வேறு. மூடிய அறைக்குள் பேச்சுவார்த்தைக்கு எவனும் தனியாகப் போகக் கூடாது. முப்பது வருடமாக நான் செயலாளராக இருக்கும் மில் தொழிலாளர் சங்கத்தில் எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் அது. தனியாகப் போனவன் எவ்வளவு சுத்தமாகத் திரும்பி வந்தாலும் உள்ளே டீ குடித்தானா, பிஸ்கட் தின்றானா, எதற்குத் தலையாட்டினான் என்ற கேள்வி அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். அதனால்தான் சென்னியப்பனைக் கூட்டி வந்தேன். தூக்கம் வரவில்லை, நரம்புக்காரரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். அவன் வேறு எதையும் கேட்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது சுவரில் இருக்கும் பலகையை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டு என் காதுப் பக்கம் குனிகிறான். "தோழர், மனநல ஆலோசனைன்னு போட்டிருக்குதுங்க." தெரியும் என்கிறேன். "மில்லுக்குள்ள கூட்டியாந்தானுகளே, பொம்பளைகளை உக்கார வெச்சு மூச்சை இழு, மூச்சை விடுன்னு. நாம நோட்டீஸ் போட்டு விரட்டினோமே. அவிங்க கூட்டமுங்களா இது?" இல்லை, இது வேறு என்கிறேன். "வேறன்னாச் சரிங்." அவன் சொல்லிவிட்டுப் பேப்பரை விரிக்கிறான். அந்த நோட்டீஸை எழுதியவன் நான்தான். மூச்சை இழுக்கச் சொல்லாதே, கூலியை உயர்த்து. தலைப்பு அதுதான். தொழிலாளியின் துயரம் அவன் தலைக்குள் இல்லை, முதலாளியின் கணக்கில் இருக்கிறது என்று இரண்டாம் பத்தியில் எழுதினேன், அந்த வரி எனக்கு இன்றைக்கும் பிடிக்கும், ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். அதை எழுதிய கைதான் இப்போது நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருக்கிறது, வேர்த்திருக்கிறது, மின்விசிறிக் காற்று நேராக அடித்தும் வேர்க்கிறது.

எனக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமை வேண்டும். வியாழக்கிழமை தொழிலாளர் துறை அலுவலகத்தில், அந்த அறையில், கதவு சாத்தியபின் நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கூடுதல் மெஷின் பார்க்க முடியாது என்று சொன்னதற்காக வேலையை விட்டு நீக்கப்பட்ட பதினொரு பெண்களுக்கான பேச்சு. சமரச அதிகாரி சொல்லிவிட்டார், இன்னொரு முறை சங்கம் எழுந்து போனால் பேச்சு முறிந்தது என்று முறிவறிக்கை எழுதி மேலே அனுப்பிவிடுவாராம். அதற்குப் பிறகு கோர்ட்டு, வாய்தா, அந்தப் பெண்களின் பிள்ளைகள் படிப்பை முடித்துவிடுவார்கள், வழக்கு முடியாது. சங்கம் எழுந்து போனால் என்கிறார். சங்கம் என்றால் நான். போன மாதம் எழுந்து போனவன் நான். அன்றைக்கு ஏசி ஓடுகிறது, கதவைச் சாத்துங்க என்று அதிகாரி சொன்னார். பியூன் சாத்தினான். சாத்தும்போது ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை, டிபன் பாக்ஸ் மூடியை அமுக்கினால் வருவது போல. அதோடு என் நெஞ்சு நின்றுவிட்டது. காற்று இருந்தது, உள்ளே போகவில்லை. மில்லுக்காரர்களின் வக்கீல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார், சத்தம் வேறு எங்கிருந்தோ வந்தது. செத்துவிடுவேன், இந்த மேசைமேல், இவனுடைய பேனா டப்பாவின் மேல் தலை விழுந்து செத்துவிடுவேன் என்று தோன்றியது. எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது. கதவைத் திறந்து வராந்தாவைத் தாண்டி வேப்பமரத்தடி வரைக்கும் போய்த்தான் நின்றேன். பின்னால் என் ஆட்கள் ஐந்து பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். தலைவன் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும், அதுவும் எழுதாத சட்டம்தான். முற்றத்தில் காத்திருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள், விழுந்த நாற்காலியின் சத்தத்தைக் கேட்டிருந்தார்கள், சென்னியப்பன் கையை உயர்த்திக் கோஷம் போட்டான். வெளிநடப்பு. தோழர் நாச்சிமுத்து வெளிநடப்பு செய்துவிட்டார். பேச முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தார்கள். சாயங்காலம் மில் வாசலில் துண்டு போர்த்தினார்கள். அடுத்த நாள் நோட்டீஸ் வேண்டும் என்றார்கள், எழுதினேன். ஆணவப் போக்கைக் கண்டித்து அறையை விட்டு வெளியேறினோம். நானே எழுதினேன்.

இது சென்னியப்பனுக்குத் தெரியாது. பேப்பரில் ராசிபலன் பார்த்துக்கொண்டிருக்கிறான், நாத்திகன், ஆனாலும் பார்ப்பான், எதிரி என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்வதற்காகவாம். என் மனைவி தெய்வாத்தாளுக்குப் பாதி தெரியும். குளியலறைத் தாழ்ப்பாள் போடாமல் குளிக்க ஆரம்பித்தபின் அவளுக்குத் தெரிந்தது. பெரியாஸ்பத்திரிக்கு அவள்தான் இழுத்துப் போனாள். மார்பில் வயரை ஒட்டி, படம் எடுத்து, ரத்தம் எடுத்து, கடைசியில் அந்தச் சின்னப்பையன் டாக்டர் நெஞ்சு நல்லா இருக்குதுங்க, மனசைப் பாருங்க என்றான். நெஞ்சில் அடைப்பு என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அடைப்பு என்றால் மில் வாசலில் சொல்லலாம். தோழர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். தியாகத்தின் பக்கத்தில் வைத்து அதை எழுதலாம். மனசு என்றால் எங்கே போய்ச் சொல்வது. என் எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், காலேஜ் படிப்பவள் போல, போனைப் பார்த்துக்கொண்டு கால் ஆட்டுகிறாள். அவளுக்குப் பயம் இல்லை. இந்த இடத்துக்கு வந்ததே அவளுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, பல் டாக்டரிடம் வந்தவள் மாதிரி இருக்கிறாள். இவளுடைய வயதில் நான் லாக்கப்பில் இருந்தேன். ஏழு பேர் படுக்க வேண்டிய இடத்தில் இருபத்தெட்டுப் பேர், ஒருவன் மூச்சை இன்னொருவன் வாங்கினான், இரும்புக் கதவு. பாடினோம். விடிய விடியப் பாடி ஏட்டையாவைத் தூங்கவிடவில்லை. அந்தக் கதவுக்குப் பயப்படாதவன் இந்த ஒட்டுப்பலகைக் கதவுக்குப் பயப்படுகிறான் என்றால் அது என்ன, யாருக்கு என்ன கெடுதல் செய்தேன், எந்தக் கூட்டத்தில் யாரை விட்டுக்கொடுத்தேன். ஒன்றுமில்லை. தேடித் தேடிப் பார்க்கிறேன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு குற்றம் கிடைத்தால்கூடப் போதும், அதற்கு இது தண்டனை என்று சொல்லிக்கொள்ளலாம்.

பேரைக் கூப்பிட்டுவிட்டாள். சென்னியப்பனும் எழுகிறான், பழக்கம். நான் கையைக் காட்டுகிறேன். "தனியாவா போறீங்க?" என்கிறான். ஆமாம். "எதுக்கும் கையெழுத்துப் போட்டுராதீங்க தோழர்." மேசைப் பெண் சிரிப்பை அடக்குகிறாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அறை சிறியது. ஜன்னல் ஒன்று, திரை பாதி. நான் முதலில் பார்த்தது நாற்காலிகளை. மில் அலுவலகத்தில் எங்களுக்குப் போடும் நாற்காலி இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கும், அவர்கள் நம்மைப் பார்க்கும்போது கண் கீழே வரும்படி. இங்கே இரண்டும் ஒரே உயரம், நடுவில் மேசை இல்லை. மேசை இல்லாமல் எப்படிப் பேசுவது, கையை எங்கே வைப்பது. ரெஹானா பர்வீன் என்று பலகையில் பார்த்தது இந்த அம்மாதான், நாற்பது இருக்கும், பருத்திப் புடவை, நம் ஊர் பஞ்சுதானா என்று புத்தி போகிறது. உட்காருங்க சார் என்கிறாள். சார் வேண்டாம் டாக்டர் என்கிறேன். "நானும் டாக்டர் இல்லைங்க. உளவியல் ஆலோசகர். மாத்திரை எழுதித் தர மாட்டேன். அது வேணும்னா அதுக்கான டாக்டர்கிட்ட அனுப்புவேன். உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" மாத்திரை கிடையாது. பேச்சின் முதல் வரியிலேயே நான் கேட்க வந்ததை மறுத்துவிட்டாள், கெட்டிக்காரிதான். தோழர்னு கூப்பிடுங்கன்னு சொன்னால் கூப்பிடுவீங்களா என்கிறேன், குத்த வேண்டும் என்றுதான். "கூப்பிடலாம். பழகறதுக்கு முன்னாடி கூப்பிட்டா உங்களுக்கே பொய்யாத் தெரியும். நாச்சிமுத்து ஐயான்னு வெச்சுக்கட்டுங்களா, இப்போதைக்கு?" இப்போதைக்கு. சரி, வைத்துக்கொள்ளட்டும். அவள் எழுந்து கதவுப் பக்கம் போகிறாள். அன்றைக்கு வந்தது வருகிறது, கால் விரலிலிருந்து வருகிறது. "கதவைச் சாத்தட்டுங்களா? சாத்தினா நீங்க பேசறது வெளியே கேக்காது. திறந்து வெச்சா வராந்தாவுல கேக்கும். உங்க விருப்பம்." இதுவரை எந்த அதிகாரியும் என்னிடம் கதவைப் பற்றிக் கேட்டதில்லை. திறந்து வைத்தால் சென்னியப்பன் கேட்பான். சாத்தினால் செத்துவிடுவேன். பாதி என்கிறேன், என் குரல் எனக்கே பேரம் பேசுகிற மாதிரி கேட்கிறது. அவள் பாதி சாத்திவிட்டு வந்து உட்காருகிறாள், கதவுக்குப் பக்கத்து நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு.

நிபந்தனைகளைச் சொல்கிறாள். நிபந்தனைகள் என்று அவள் சொல்லவில்லை, நான்தான் அப்படிக் கேட்கிறேன். முக்கால் மணி நேரம் போலப் பேசுவோம், வாரம் ஒருமுறை வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் நிறுத்தலாம், வேறு ஆளைப் பார்க்கலாம். நீங்கள் சொல்வது என்னைத் தாண்டிப் போகாது. உங்கள் வீட்டுக்கும் சொல்ல மாட்டேன், கூட வந்தவருக்கும் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு விலக்கு, உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று எனக்குத் தெரிந்தால் மட்டும் நான் பேசாமல் இருக்க முடியாது, அப்போதும் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான். அந்த விலக்கில் என் மனம் போய்ச் சிக்குகிறது. எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு விலக்கு இருக்கும், ஒப்பந்தமே அதற்குள்தான் இருக்கும். போலீஸ்காரன் கேட்டாச் சொல்லுவீங்களா என்கிறேன். "கோர்ட் உத்தரவு கொண்டாந்தா அப்பப் பார்க்கணும். சும்மா வந்து கேட்டாச் சொல்ல மாட்டேன்." முதலாளி கேட்டால்? "எந்த முதலாளி?" எந்த முதலாளியும். "மாட்டேன்." எழுதுவீங்களா? "சின்னதா. வேண்டாம்னா உங்க முன்னாடி எழுத மாட்டேன்." வேண்டாம். பேனாவைக் கீழே வைக்கிறாள். ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கிறாள், இது என்ன தந்திரம், பதிலுக்கு என்ன கேட்கப் போகிறாள். "என்ன நடந்துச்சுன்னு இங்கே வந்தீங்க?"

நான் பேசவில்லை. மௌனம் எனக்குத் தெரிந்த ஆயுதம். போனஸ் பேச்சில் எண்ணைச் சொல்லாமல் உட்கார்ந்தே ஒரு மேனேஜரை வேர்க்கவைத்திருக்கிறேன். முதலில் வாயைத் திறப்பவன் இறங்கிவிட்டான் என்று பொருள். அவளும் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹார்ன், கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறைக்காகச் சண்டை போடுகிறார்கள், என் காதுக்குள் ரத்தம் ஓடும் சத்தம். அவள் முகத்தில் அவசரமில்லை. எதிராளிக்கு அவசரம் இல்லையென்றால் மௌனத்தால் என்ன பிரயோஜனம். எனக்குத்தான் வியாழக்கிழமை இருக்கிறது. அவளுக்கு எல்லாக் கிழமையும் ஒன்று. "பேசாம இருந்தாலும் தப்பில்லைங்க" என்கிறாள் கடைசியில். அவள்தான் முதலில் பேசினாள், நான் ஜெயித்தேன், ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை. தூக்கம் வருவதில்லை என்கிறேன். தலையசைக்கிறாள். பசி இல்லை என்கிறேன். தலையசைக்கிறாள். உலகமயம் வந்தபின் தொழிற்சங்க இயக்கம் சந்திக்கும் நெருக்கடி என்று தொடங்கிவிட்டேன், ஒப்பந்தத் தொழில் முறை, வெளிமாநிலத் தொழிலாளர்களைச் சங்கத்துக்குள் கொண்டுவருவதில் உள்ள சிக்கல், மொழி, இளைஞர்களின் அக்கறையின்மை, வாசல் கூட்டத்துக்குச் சரியான குரல், ஏற்றம் இறக்கம் எல்லாம் சரியாக வருகிறது, நான் நன்றாகத்தான் பேசுகிறேன், எனக்கு ஒன்றுமில்லை, நான் பேசுவதைக் கேட்டால் எவனும் எனக்கு ஏதோ இருக்கிறது என்று சொல்ல மாட்டான். அவள் குறுக்கிடவில்லை. மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டாள். "இதெல்லாம் நடக்கும்போது உங்களுக்கு என்ன ஆச்சுங்க?"

எனக்கா. எனக்கு என்ன ஆகும். அப்போதுதான் வராந்தாவில் யாரோ நடந்து போகிறார்கள், நல்ல எண்ணத்தோடுதான் இருக்கும், பாதி திறந்திருக்கிறதே என்று அந்தக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்திவிட்டுப் போகிறார்கள். வந்துவிட்டது. அறை சுருங்கவில்லை, நான்தான் பெரிதாகிறேன், நெஞ்சு பஞ்சுப்பொதி மாதிரி உப்பி உள்ளே இடமில்லாமல் போகிறது. கை மரத்துவிட்டது. அவள் ஏதோ சொல்கிறாள், மூச்சை இழுக்கச் சொல்கிறாளா, சொன்னால் இவளையும் விரட்ட வேண்டும். சொல்லவில்லை. "கதவு அங்கேதாங்க இருக்கு. பூட்டலை. போகணும்னாப் போங்க, நான் தடுக்க மாட்டேன். திரும்பி வரணும்னாலும் வரலாம்." எழுந்துவிட்டேன். கை பிடியில் இருக்கிறது. இதைத் திருகினால் வராந்தா, வராந்தாவில் சென்னியப்பன். என் முகத்தைப் பார்ப்பான். பேப்பரை மடிப்பான். முடிச்சிட்டீங்களா தோழர் என்பான். அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான், நாச்சிமுத்து ஒரு அறையிலிருந்து பாதியில் எழுந்து வந்தால் உள்ளே இருந்தவர்கள் அயோக்கியர்கள். இந்த அம்மாவை அயோக்கியர் ஆக்கிவிடுவான். நாளைக்குச் சங்க ஆபீஸில் சொல்வான், ஆலோசனைக்காரியை முகத்துக்கு நேரே மறுத்துவிட்டு வந்தார் என்று. எல்லோரும் மெச்சுவார்கள். வியாழக்கிழமையும் மெச்சுவார்கள். முறிவறிக்கை போனபிறகும், கோர்ட்டு வாசலில் அந்தப் பெண்கள் வருடக்கணக்காக நிற்கும்போதும், தோழர் ஒருநாளும் பணிந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் பயந்து செத்துக்கொண்டிருப்பேன், அவர்கள் துண்டு போர்த்துவார்கள். எத்தனை தடவை ஓடினாலும் யாருக்கும் தெரியாது. அது ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை. பிடியைத் திருகாமல் நிற்கிறேன்.

முகத்தைத் திருப்பாமலே சொல்கிறேன். கதவைப் பார்த்துச் சொல்கிறேன். "போன மாசம் நான் வெளிநடப்பு பண்ணலைங்க. பயந்து ஓடிட்டேன்." சொன்னபின் சுவர் இடியவில்லை. பஸ் ஹார்ன் கேட்கிறது. பின்னாலிருந்து சபாஷ் வரவில்லை, பரிதாபமும் வரவில்லை, அது வந்திருந்தால் பிடியைத் திருகியிருப்பேன். "கதவைத் திறந்துட்டு வந்து உக்காந்து சொல்றீங்களா, இல்ல நின்னுட்டே சொல்றீங்களா?" என்கிறாள். கதவை ஒரு சாண் திறந்தேன். வராந்தா வெளிச்சம் தரையில் விழுந்தது. நின்றுகொண்டே சொன்னேன். ஏசி, பியூன், அந்தச் சத்தம், மேசை, பேனா டப்பா, வேப்பமரம். அவள் கேட்டாள், கதவு சாத்தறதுக்கு முன்னாடி? முன்னாடி ஒன்றுமில்லை. "கதவைச் சாத்தச் சொன்ன நேரத்துல நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" பேசிக்கொண்டிருந்தேன். "என்ன பேசிட்டிருந்தீங்க?" பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று வாய் சொல்கிறது, வாய் சொல்லும்போதுதான் எனக்கே ஞாபகம் வருகிறது, இந்த மாதம் முழுக்க அந்த நினைவு கதவுச் சத்தத்தில்தான் தொடங்கியது, அதற்கு முன்னால் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருந்தேன். பதினொரு பெண்களின் பெயர்களையும் சொல்வேன், காகிதம் பார்க்காமல் சொல்வேன், வக்கீல்கள் கட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது நான் தலையை நிமிர்த்திக்கொண்டு ஆள் பெயர், டிப்பார்ட்மெண்ட், சர்வீஸ் எல்லாம் சொல்வேன், அது என் கர்வம், நான் பத்தாவதைத் தாண்டாதவன், என் தலைதான் என் பைல் கட்டு. பத்துப் பெயர் சொன்னேன். அடுத்த பெயர் வரவில்லை. அந்தப் பெண் பதினொரு பேருக்காகவும் உள்ளே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கை மேசைமேல் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது, கண்ணாடி வளையல், விரலில் நூல் அறுத்த தழும்பு, கல்யாணத்துக்கு நான்தான் போய் நின்று நடத்திவைத்தேன். பெயர் இல்லை. இருந்த இடத்தில் வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் கதவைச் சாத்தினார்கள்.

"யார் அவங்க?" கோகிலவாணி என்கிறேன். இப்போது வருகிறது, எவ்வளவு சுலபமாக வருகிறது. உட்கார்ந்துவிட்டேன், எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. என் அப்பாவுக்குக் கடைசியில் யாரையும் அடையாளம் தெரியவில்லை, என்னை மில் மேஸ்திரி என்று நினைத்துக் கும்பிடுவார், அதை அவளிடம் சொல்கிறேன், ஏன் சொல்கிறேன். மூச்சு முட்டுவது பெரிதில்லை என்கிறேன், மூச்சு முட்டினால் நெஞ்சு, நெஞ்சு என்றால் வீரம். தலை போய்விட்டால் நான் யார். அவள் அவசரமாக ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. "பதட்டம் வந்தாலும் பேர் மறக்கும், வயசானாலும் மறக்கும். எதுன்னு இங்கே உக்காந்து நான் சொல்லிட முடியாதுங்க. ஞாபக சக்திக்குச் சோதனை இருக்கு, நரம்பு டாக்டர்கிட்ட எழுதித் தரேன், பார்த்துக்கலாம். பார்க்காம முடிவு கட்டிட வேண்டாம், ரெண்டு பேருமே." ரெண்டு பேருமே. வியாழக்கிழமைக்குள் சரியாகிவிடுமா என்று கேட்கிறேன், கேட்டே விட்டேன், அதற்குத்தான் வந்தேன். "வியாழனுக்கு இன்னும் நாலு நாள்தான். வாக்குக் கொடுக்க முடியாதுங்க. பழக்கிக்கலாம், அதுக்கு வாரங்கள் ஆகும். வியாழக்கிழமை அந்தப் பயம் மறுபடி வரலாம்." நேர்மையான மறுப்பு. வாய்க்கு வந்த வாக்கைக் கொடுக்கும் ஆட்களோடு வாழ்நாளெல்லாம் உட்கார்ந்தவனுக்கு இது கசக்கிறது, ஆனால் எண்ணெயில் பொரித்த கசப்பு இல்லை, பச்சைக் கசப்பு. வந்தால் என்ன செய்வது என்கிறேன். "வந்தா என்ன கெட்டுப்போகும்னு நினைக்கறீங்க?" நான் எழுந்துவிடுவேன். "எழுந்தா?" எல்லோரும் எழுந்துவிடுவார்கள். "ஏன்?" ஏன் என்கிறாள் இந்த அம்மா. தலைவன் எழுந்தால் எழ வேண்டும். அவளுக்குப் புரியவில்லை என்று விளக்கப் போனேன், பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன், விளக்க ஒன்றுமில்லை, அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். என்னால் உட்கார முடியாமல் போகலாம். அவர்கள் எழ வேண்டும் என்று யார் சொன்னது. நான்தான் சொன்னேன்.

வெளியே வந்தபோது சென்னியப்பன் பேப்பரை மடிக்கிறான். "முடிஞ்சுதுங்களா? கண்ணெல்லாம் செவந்திருக்குது. என்ன கேட்டாங்க?" படியிறங்கும்போது சொல்கிறேன் என்றேன், சொல்லவில்லை, மருந்துக்கடைக்கு வெளியே வெயிலில் நின்று போனை எடுத்தேன். அவன் எதிரில்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் பேச மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். கோகிலவாணி எடுத்தாள், பின்னால் குக்கர் சத்தம், குழந்தை. சொல்லுங்க தோழர் என்றாள். வியாழக்கிழமை நீதான் பேசற என்றேன். "நானுங்களா? எனக்கு என்னங் தெரியும்." உனக்கு நடந்தது உனக்குத் தெரியும், அதைச் சொல்லு, சட்டம் கேட்டா நான் எடுத்துக் கொடுக்கறேன். சென்னியப்பன் என் பக்கத்தில் வந்து, புதுத் தந்திரமுங்களா என்று மெதுவாகக் கேட்கிறான், கண்ணில் குஷி. நான் அவனைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னேன். "இன்னொண்ணு கேளம்மா. கதவைச் சாத்தினா எனக்கு மூச்சு அடைக்குது. பயம். அன்னைக்கும் அதுதான். பயந்துதான் எழுந்து போனேன், நீங்க எல்லாரும் வேற நினைச்சுட்டீங்க, நானும் விட்டுட்டேன்." சென்னியப்பன் சிரித்தான். "அட, சும்மா இருங்க தோழர், புள்ள நம்பிரப் போகுது." நான் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு முகத்திலேயே நின்று, எங்கே போவது என்று தெரியாமல் நின்று, பிறகு இல்லாமல் போனது. அவன் ரோட்டைப் பார்க்கிறான். போனில் குக்கர் சத்தம் மட்டும். கேக்குதா என்றேன். "கேக்குதுங்." வியாழக்கிழமையும் நான் எழுந்து போயிடலாம், போகாமலும் இருக்கலாம், தெரியாது. நான் எழுந்தா நீங்க யாரும் எழுந்திரிக்கக் கூடாது. நாற்காலியை விட்டு அசையக் கூடாது. பேச்சை முடிச்சிட்டுத்தான் வரணும். ஒருத்தரும் எழக் கூடாது, புரிஞ்சுதா. அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்கலாம். நீங்க இல்லாம எப்படி என்று கேட்கலாம், அதைத்தான் எதிர்பார்த்தேன், அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தேன், நல்ல பதில். "எழுந்திரிக்க மாட்டோமுங்க" என்றாள் கோகிலவாணி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.